நம்பிக்கைக்கு ஐந்து வார்த்தைகள்

மருந்துக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் பதினான்கு பேர் ஆங்கிலம் படித்தார்கள். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். ஆறு பேர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்திலிருந்து நேராக வருவார்கள். அவர்கள் உட்காரும் பெஞ்சில் எப்போதும் சோப்புத்தூளும் ஈரத்துணியும் கலந்த வாடை அடிக்கும். மற்றவர்கள் கடைகளிலும் கிடங்குகளிலும் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவர்கள். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்கு உதவியாளராகச் சேர வேண்டுமென்றால் ஒரு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதற்குத்தான் டீச்சர் அவர்களைத் தயார்செய்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்கு முடித்துவிடுவாள்.

பாடப்புத்தகத்தில் ஒன்பதாவது பாடம் வந்தபோது, இதைத் தாண்டிப் போய்விடலாமா என்று அவளுக்குத் தோன்றியது. நோயாளியின் மதம், நம்பிக்கை பற்றியெல்லாம் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது என்பது பாடம். பிலீவர், ஸ்கெப்டிக், செக்ட், ஹெரெடிக் என்று ஒரு பக்கம் முழுக்க வார்த்தைகள். வேறொரு வருஷமாக இருந்தால் கொட்டாவி விட்டுக்கொண்டே நடத்தி முடித்திருப்பாள்.

அந்த வருஷம் அப்படி இல்லை. ஊரின் வழிபாட்டு மண்டபம் இரண்டாக உடைந்திருந்தது. பிரார்த்தனையைப் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கலாம் என்றது ஒரு தரப்பு. பார்த்து வாசிப்பது பிரார்த்தனையே இல்லை, அது கடவுளிடம் மனு படிப்பது, பிரார்த்தனை மனசிலிருந்து தானாக வர வேண்டும் என்றது இன்னொரு தரப்பு. புத்தகக் கட்சி, மனப்பாடக் கட்சி என்று ஊர் அவர்களுக்குப் பெயர் வைத்தது. ஆரம்பத்தில் வேடிக்கையாகத்தான் இருந்தது. "எங்க வீட்டுக்காரர் புத்தகக் கட்சி, நான் சமையக்கட்டுக் கட்சி" என்று டீச்சரே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பிறகு மனப்பாடக் கட்சி மண்டபத்தைப் பிடித்துக்கொண்டது. தங்களோடு ஒத்துப்போகாதவர்களை 'நெறிதவறி' என்று அழைத்தது. நெறிதவறி யார் என்று எங்கும் எழுதி ஒட்டமாட்டார்கள். வழிபாடு முடிந்ததும் கூட்டத்தில் அந்த ஆளின் பெயரை எல்லோருமாக மூன்று தடவை உரக்கச் சொல்வார்கள். அவ்வளவுதான்.

வாட்ச் ரிப்பேர்காரரின் பெயரை அப்படித்தான் சொன்னார்கள். அவர் செய்ததெல்லாம் டீக்கடையில் ஒரு கேள்வி கேட்டதுதான்: "மனசுல இருந்து தானா வருதுன்னா, எல்லாருக்கும் ஒரே வரி எப்படிப்பா வருது?" அடுத்த வாரம் பட்டப்பகலில் நாலு பேர் அவர் கடைக்குள் போய் ஷட்டரை இறக்கினார்கள். வெளியே வந்தபோது அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் உடைந்திருந்தன. ஷட்டர் தவறி விழுந்துவிட்டது என்று போலீஸிடம் அவரே சொன்னார்.

இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு, தேர்வில் அந்தப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி கட்டாயம் வரும் என்பதால், டீச்சர் அதை நடத்தினாள்.

"டீச்சர், நம்பிக்கைக்கு இங்கிலீஷ்ல என்ன?" என்று கேட்டாள் சிட்டு. சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். வயது இருபத்துமூன்று. படபடவென்று பேசுவதால் அந்தப் பெயர்.

டீச்சர் ஐந்து வார்த்தைகளைப் பலகையில் எழுதினாள். பிலீஃப், ஃபெய்த், டிரஸ்ட், ஹோப், கான்ஃபிடன்ஸ்.

"நமக்கு ஒண்ணு, அவங்களுக்கு அஞ்சா?"

"ஒரு விஷயம் உண்மைன்னு நினைக்கறது பிலீஃப். கடவுள்கிட்ட வெக்கறது ஃபெய்த். ஆள்மேல வெக்கறது டிரஸ்ட். நாளைக்கு நல்லது நடக்கும்னு நினைக்கறது ஹோப். என்னால முடியும்னு நினைக்கறது கான்ஃபிடன்ஸ். நாம எல்லாத்துக்கும் நம்பிக்கைன்னே சொல்லிடறோம்."

"சந்தேகமும் அப்படித்தான் டீச்சர்" என்றார் கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவர். "வகுப்புல சந்தேகம் கேளுன்னு சொல்றீங்க. வீட்டுல என் சம்சாரம் கேக்கறதும் சந்தேகம்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் டீச்சருக்குக் கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது. "இன்னைக்குப் படிச்சதுல ஒரு வார்த்தையை வெச்சு, உங்களைப் பத்தி உண்மையா மூணு வரி எழுதிக்கிட்டு வாங்க. பேர் போட வேண்டாம்" என்றாள். உண்மையாக என்று ஏன் சொன்னோம் என்று பிறகு எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் வாங்கிய தாள்களை வீட்டில் சமையல் மேடையில் பரப்பி வைத்துத் திருத்தினாள். என் அம்மாமேல் எனக்கு நம்பிக்கை உண்டு என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். என் தையல்காரர்மேல் எனக்குச் சந்தேகம் என்று ஒருவர். பதினோராவது தாளை எடுத்துப் படித்தவள் அடுப்பை அணைத்தாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை, பயத்தினால்தான் போகிறேன், அண்ணனுக்குத் தெரிந்தால் என்னைக் கொன்றுவிடுவார். ஆங்கிலத்தில் மூன்றே வரிகள். நம்பிக்கைக்குப் போட்டிருந்த வார்த்தை ஃபெய்த். எஃப் எழுத்தைத் தூண்டில் முள் மாதிரி வளைத்து எழுதுவது அந்த வகுப்பில் சிட்டு ஒருத்திதான். ஒரு வருஷமாகப் படித்ததில் அவள் பிழையே இல்லாமல் எழுதிய முதல் மூன்று வரிகள் அவை.

சிட்டுவின் அண்ணன் வெல்டர். மனப்பாடக் கட்சியில் முன்வரிசையில் நிற்கிறவன்.

டீச்சர் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தாள். பேக்கரி வேலை முடிந்து வந்த அவள் கணவர், புருவத்தில் மைதாவோடு வாசற்படியில் நின்று, "இதென்ன, நான்தான் மாவு பிசையறவன்னு பார்த்தா நீ காகிதத்தைப் பிசையறே?" என்றார்.

அவள் சொன்னாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முதலில் வாசல் கதவைத் தாழ்போட்டார்.

"அந்தப் பொண்ணை வகுப்புக்கு வர வேண்டாம்னு சொல்லிடு."

"ஏன்னு கேப்பாளே."

"கேட்டா பதில் சொல்லாதே. இங்க பாரு, அந்த வாட்ச்காரர் இப்ப இடது கையில சாப்பிடறார். நான் தினமும் பன் கொடுக்கறப்போ பாக்கறேன்."

மறுநாள் வகுப்பு முடிந்ததும் டீச்சர் சிட்டுவை மாடிப்படியில் நிறுத்தி வைத்தாள். "நீ எழுதினது இப்ப இல்ல. கிழிச்சுட்டேன். இனிமே இப்படியெல்லாம் காகிதத்துல எழுதாதே" என்று காதோடு சொன்னாள்.

சிட்டுவின் முகம் வெளுத்தது. "டீச்சர்... முதல்ல வேற ஒரு தாள்ல எழுதிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரத்துல. துணிக்கணக்குத் தாள் பின்பக்கம்."

"எங்க அது?"

"பையிலதான் வெச்சேன். நேத்து சாயங்காலத்துலேர்ந்து காணோம்."

சிட்டு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு அவர்கள் வந்தார்கள். டீச்சர் தனியாகப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மண்டபத்தில் பெயர் சொல்லும்போது முதல் குரல் அவருடையதுதான். பின்னால் வெல்டர். மூன்றாவதாக வந்த தடித்த ஆள் வாசலிலேயே நின்றுகொண்டான்.

"உக்காருங்க டீச்சர். நாங்க சண்டைக்கு வரலை" என்றார் கடைக்காரர், மென்மையாக. கண் பரிசோதிக்கும்போது 'இப்ப தெரியுதா, இப்ப?' என்று கேட்கும் அதே குரல். சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்து மடிப்பை நீவினார். "என் மச்சினி சலவைக்கூடத்துல வேலை பாக்கறா. இது கீழ கிடந்துச்சாம். முன்பக்கம் இவரோட தங்கச்சி பேர் இருக்கு. பின்பக்கம் என்னமோ இங்கிலீஷ். நாங்க மனசுல வெச்சுக்கற ஆளுங்க, எழுத்து நமக்கு ஆகாது. அதனால போன்ல காட்டிப் பார்த்தோம்."

போனை அவள் பக்கம் திருப்பினார். அதில் தமிழில் இருந்தது: எனக்கு நம்பிக்கை இல்லை. நான் பயத்தால் மட்டுமே செல்கிறேன். என் சகோதரருக்குத் தெரிந்தால் அவர் என்னைக் கொல்வார்.

"போன் சொல்றதை வெச்சு ஒரு பொண்ணைப் பத்தித் தப்பா நினைக்கக் கூடாது இல்லையா? அதான் உங்ககிட்ட வந்தோம். இது என்னன்னு நீங்களே சொல்லுங்க."

டீச்சர் தாளைக் கையில் எடுக்காமல் மேஜைமேலேயே வைத்துக் குனிந்து படித்தாள். மூன்று வரிகளையும் நாலு தடவை படித்தாள். ஜன்னலோரம் நின்ற வெல்டரின் முழங்கை தெரிந்தது. தீப்பொறி பட்ட புள்ளிகள் தோலில் கறுப்பாக இருந்தன. அவன் அவளைப் பார்க்கவில்லை. அரைகுறையாகத் துடைத்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் இருந்த தமிழை அவள் இன்னொரு தடவை பார்த்தாள். எனக்கு நம்பிக்கை இல்லை. அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது.

"கழுதை" என்றாள். "எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் இந்த இடத்துல தப்பு விடறா."

"என்ன தப்பு?"

"பரீட்சையைப் பத்தி எழுதியிருக்கா. பாஸ் பண்ணுவோம்னு நம்பிக்கை இல்ல, பயந்துக்கிட்டே வகுப்புக்குப் போறேன், ஃபெயிலானா அண்ணன் கொன்னுடுவார். அதுதான் விஷயம். நம்பிக்கைக்கு இங்கிலீஷ்ல அஞ்சு வார்த்தை. பரீட்சைக்குன்னா வேற வார்த்தை போடணும். இவ கடவுளுக்குப் போடற வார்த்தையைத் தூக்கிப் போட்டிருக்கா."

சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஃபெய்த் என்ற வார்த்தையின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, மேலே கான்ஃபிடன்ஸ் என்று எழுதினாள். ஓரத்தில் பத்துக்கு நாலு என்று மதிப்பெண் போட்டு வட்டமிட்டாள். பிழையே இல்லாத வரி அது.

கடைக்காரர் கோட்டைக் கூர்ந்து பார்த்தார். "கொன்னுடுவார்னு இருக்கே?"

"எங்க வீட்டுல பால் பொங்கி வழிஞ்சா எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொல்றார்."

அவர் சிரிக்கவில்லை. "அடியில ஒரு வார்த்தை தனியா எழுதியிருக்கா. ஹெரெடிக்காமே. போன்ல மதவிரோதின்னு வருது."

பாடப்புத்தகத்தை எடுத்து ஒன்பதாவது பாடத்தைத் திறந்து காட்டினாள். அச்சடித்த பட்டியலில் அந்த வார்த்தை ஏழாவதாக இருந்தது. "பாடத்துல இருக்கு. பரீட்சையில கேப்பாங்க. ஆஸ்பத்திரியில எல்லா மாதிரி ஆளும் வருவாங்க இல்ல."

"எல்லா மாதிரி ஆளும்" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். "சரி. கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்தவர் ஒருத்தர் நம்மகிட்ட இருக்கார். இங்கிலீஷ் நல்லாத் தெரியும். எதுக்கும் அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

தாளை எடுக்க அவர் கையை நீட்டினார். அதற்குள் இன்னொரு கை அதை எடுத்துவிட்டது.

"என் தங்கச்சி எழுதினது" என்றான் வெல்டர். வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் பேச்சு. "பத்துக்கு நாலு வாங்கியிருக்கா. ஊரெல்லாம் காட்டி எனக்கு மானம் போகணுமா? நான் பாத்துக்கறேன்."

தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினான். மற்ற இருவரும் பின்னால் போனார்கள். பாதிப்படியில் கடைக்காரர் திரும்பி, "கதவைச் சாத்திக்குங்க டீச்சர், காத்து அடிக்குது" என்றார். காற்றே இல்லை.

அன்று வகுப்புக்குச் சிட்டு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரவில்லை. 'நான் பாத்துக்கறேன்' என்பதற்கு எத்தனை அர்த்தம் இருக்க முடியும் என்று டீச்சர் யோசித்து யோசித்துச் சாப்பாட்டைக் குறைத்தாள். கணவர் பேக்கரிக்குக் கிளம்பும்போதெல்லாம், வேறு வழியாகப் போங்கள் என்று சொன்னாள். இருந்ததே ஒரு வழிதான்.

திங்கட்கிழமை தாங்கமாட்டாமல் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கே போனாள். ஒரே ஆவி. உருளைகளுக்கு நடுவே வெள்ளை விரிப்புகள் நுழைந்து மறுபுறம் விறைப்பாக வந்துகொண்டிருந்தன. சிட்டு முழுசாக இருந்தாள். முகத்தில் காயம் எதுவும் இல்லை. இயந்திரச் சத்தத்துக்குள் இருவரும் தலையைச் சேர்த்துவைத்துப் பேசினார்கள்.

"அடிச்சாரா?"

"இல்ல டீச்சர்."

"திட்டினாரா?"

"ஒண்ணுமே சொல்லல. சாப்பிடறார், தூங்கறார், வேலைக்குப் போறார். ஒரு வார்த்தை கேக்கல. அதான் டீச்சர் எனக்குப் பயமா இருக்கு." சிட்டு ஒரு விரிப்பை இழுத்து ஓரத்தைச் சேர்த்துப் பிடித்தாள். "இன்னொண்ணு. மாசக் கடைசியில தனிவாக்கு வெச்சிருக்காங்க. ஒவ்வொருத்தரா முன்னாடி போய், எல்லார் எதிர்லயும் தனியா நின்னு பிரார்த்தனை சொல்லணும். முதல் பேர் என்னுதாம்."

"உனக்குத்தான் மனப்பாடமாத் தெரியுமே."

"வரி தெரியும் டீச்சர். அங்க போய் நின்னா வாயைத் திறக்க முடியாது. எனக்கு என்னைத் தெரியும்."

அப்பால் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையைத் தூக்கிப் பார்த்தாள். டீச்சர் உடனே, "வெள்ளிக்கிழமை டெஸ்ட் இருக்கு, படிச்சுட்டு வா" என்று உரக்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலுக்கு வந்த பிறகுதான், அந்தப் பெண் கடைக்காரரின் மச்சினியாக இருக்கலாம் என்று உறைத்தது.

புதன்கிழமை நாலு மணிக்கு வெல்டர் தனியாக வந்தான். டீச்சர் எழுந்து மேஜைக்குப் பின்னால் போய் நின்றாள். கீழே மருந்துக்கடையில் ஆள் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டாள். அவன் சலவைக்கூடத்துப் பெண்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, பெரிய கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டான்.

"தாளை எரிச்சுட்டேன் டீச்சர்."

வேறு யாராவது பின்னால் வருகிறார்களா என்று அவள் படிப்பக்கம் பார்த்தாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னது பொய்னு எனக்குத் தெரியும். பரீட்சைக்குப் பயப்படற ஆளா அவ? எட்டு வயசுல என் கையிலிருந்து வெல்டிங் கம்பியைப் பிடுங்கி, நானும் பத்த வெக்கறேன்னு நின்னவ. மண்டபத்துல நான் அவளைப் பாத்திருக்கேன். உதடு அசையும், ஆனா வரி வேற. மூணு வருஷமாத் தெரியும்."

இது வலை என்று டீச்சருக்குத் தோன்றியது. ஆமாம் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வாங்கத்தான் இவனை அனுப்பியிருக்கிறார்கள். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நான் சொன்னதுதான் அந்தத் தாள்ல இருந்துச்சு" என்றாள்.

அவன் தலையாட்டினான். "சரி. அப்படியே வெச்சுக்குங்க. யார் கேட்டாலும் அதையே சொல்லுங்க. நானே வந்து கேட்டாலும்."

பிறகு தரையைப் பார்த்துப் பேசினான். "வாட்ச்காரர் கையை மேஜைமேல அழுத்திப் பிடிச்சது நான்தான். அடிச்சது வேற ஆள். ஆனா பிடிச்சது நான். நாள் பூரா இரும்பு உடையற சத்தத்துக்கு நடுவுல இருக்கறவன் டீச்சர் நான். விரல் சத்தம் அப்படி இல்ல. எனக்குக் கடவுள் மேல நம்பிக்கை இருக்கு. இன்னும் இருக்கு. அதனாலதான் எனக்குச் சோறு இறங்கல." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "அவ பேர் சொன்னா அடுத்தது என்னன்னு எனக்குத் தெரியும். என்னையே பிடிக்கச் சொல்லுவாங்க."

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வரவில்லை. இவன் கையால்தான் அது நடந்தது என்பது மட்டுமே மனதில் ஓடியது. இருந்தாலும் மேஜையைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது.

"என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"அந்தப் பரீட்சை எழுதினா வெளியூர்ல வேலை கிடைக்கும்னு சொன்னா. எப்போ?"

"இருபதாம் தேதி. நடக்கற ஊர்ல என்கூடப் படிச்சவ ஒருத்தி பெண்கள் விடுதி நடத்தறா. முன்னாடியே போய்த் தங்கிக்கலாம்."

"அப்போ தனிவாக்குக்கு முன்னாடியே போயிடலாம். சனிக்கிழமை காலைப் பஸ்ல ஏத்தி விடுங்க" என்றான். எழுந்து போகும்போது, "நான் வந்தது அவளுக்குத் தெரிய வேண்டாம். பயந்துடுவா" என்றான்.

சனிக்கிழமை காலை பத்தே முக்கால். பேருந்து நிலையத்தில் டீச்சர் ஒரு பெரிய பையோடு நின்றாள். மேலே நாலு பாடப்புத்தகங்கள், அடியில் சிட்டுவின் துணிமணிகள். சிட்டு அங்கே வரமாட்டாள். ஆஸ்பத்திரிப் பின்வாசல் நிறுத்தத்தில் வேலைச் சட்டையோடு ஏறிக்கொள்வாள். நிலையத்துக்கு எதிரிலேயே மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணாடிக் கதவு திறப்பதை டீச்சர் பார்த்தாள். கடைக்காரர் வண்டிகளுக்கு வழிவிட்டு, நிதானமாகச் சாலையைத் தாண்டி வந்தார்.

"டீச்சர், எங்க பயணம்?"

"புத்தகம் மாத்தப் போறேன். பழைய பதிப்பு அனுப்பிட்டாங்க."

"குடுங்க, பஸ்ல ஏத்தி வெக்கறேன்." அவர் பையைத் தூக்கினார். புத்தகப் பை இருக்க வேண்டிய அளவுக்கு அது கனக்கவில்லை. அவருடைய விரல்கள் பையின் பக்கவாட்டை அழுத்திப் பார்ப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். துணி அமுங்கியது. "மெத்துனு இருக்கே, இது என்ன புத்தகம்?"

பேருந்து உறுமிக்கொண்டு நடைமேடைக்கு வந்தது, ஜனங்கள் முண்டியடித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவிலிருந்து, "இங்கயா இருக்கீங்க? கடையில தேடறேன்" என்று வெல்டரின் குரல் கேட்டது. தோளில் கருவிப் பை. "கிரில் கீல் விட்டுப்போச்சுன்னு பத்து நாளா சொல்றீங்க. இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுது. இப்பவே வந்து காட்டினாதான் ஆச்சு, இல்லன்னா அடுத்த மாசம்தான்."

கடைக்காரர் வெல்டரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். வெல்டர் பையை அவர் கையிலிருந்து சாதாரணமாக வாங்கி, பேருந்துக்குள் தூக்கிப் போட்டுவிட்டு, அவர் தோளில் கைபோட்டுக் கடைப்பக்கம் நடத்திக்கொண்டு போனான். போகும்போது டீச்சரை அவன் பார்க்கவே இல்லை.

சிட்டு பின்வாசலில் ஏறினாள். அடுத்த நிறுத்தம்வரை டீச்சர் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கையை எடுத்துப் பிடித்துக்கொண்டாள். சிட்டுவின் உள்ளங்கை இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போய்ச் சொரசொரவென்று இருந்தது. இறங்கும்போது, "அண்ணன்கிட்ட சொல்லிட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டாள். "சொன்னா விடுவாரா டீச்சர்?" என்றாள் சிட்டு. டீச்சர் இறங்கிக்கொண்டாள்.

மாதக் கடைசியில் தனிவாக்கு நடந்தது. முதல் பெயரைக் கூப்பிட்டபோது யாரும் முன்னால் போகவில்லை. கூட்டம் சிட்டுவின் பெயரை மூன்று தடவை சொன்னது. பேக்கரிக்கு வந்தவர்கள் பேசியதைக் கேட்டுக் கணவர் வந்து சொன்னார்: மூன்று தடவையும் அண்ணன்காரன் குரல்தான் பெரிதாகக் கேட்டதாம். தன்மேல் சந்தேகம் விழாமலிருக்கத்தான் அவன் கத்தினான் என்பது டீச்சருக்குப் புரிந்தது. ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

அவளுக்கும் ஒன்றும் நேராமல் போகவில்லை. மருந்துக்கடைக்காரர் அறையைக் காலிசெய்யச் சொன்னார். காரணம் சொல்லவில்லை, அவள் கேட்கவும் இல்லை. பதினான்கு பேரில் ஆறு பேர் மிஞ்சினார்கள். வீட்டுச் சமையலறையில் பாய் விரித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கடைக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை அந்தத் தெரு வழியாகப் போவார். ஜன்னலருகே நின்று, "பாடமெல்லாம் ஒழுங்கா நடக்குதா டீச்சர்?" என்று அதே குரலில் கேட்பார். "நடக்குது" என்பாள். அவர் போனதும் ஆறு பேரும் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டார்கள். வெல்டரைத் தெருவில் பார்த்தால் அவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். அவனும் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தான்.

மூன்று மாதம் கழித்து ஒரு மத்தியானம், காய்கறிக் கடையில் நின்றுகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"டீச்சர், நான்தான். வேலை கிடைச்சுடுச்சு. குழந்தைங்க வார்டு. வெள்ளிக்கிழமை லீவு. லீவுன்னா பத்து மணிவரைக்கும் தூங்கறேன், யாரும் எதுவும் கேக்கறதில்ல."

டீச்சர் முதலில் சுற்றும்முற்றும் பார்த்தாள். தராசுக்காரர், இரண்டு பெண்கள், சைக்கிளில் ஒருவர். போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

"அண்ணன் பேசினாரா?"

"போன வாரம் போன் பண்ணினார். எப்படி நம்பர் கிடைச்சுதுன்னு தெரியல. நடுங்கிப் போயிட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டார். சாப்பிட்டேன்னு சொன்னேன். அவ்வளவுதான், வெச்சுட்டார்." சிட்டு தயங்கினாள். "டீச்சர், அவருக்கு எல்லாம் தெரியுமா?"

கடை வாசலில் யாரோ வந்து நின்ற நிழல் தரையில் விழுந்தது. டீச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அக்கா நல்லா இருக்கேன்டி" என்று தங்கையிடம் பேசுவதுபோல் சத்தமாகச் சொன்னாள். "நீ உடம்பைப் பாத்துக்கோ. நாளைக்குப் பேசறேன்."